இடம் பார்க்கும் நாள்

கட்சிக்குள் ஜெபமாலைக்கு நல்ல பெயர் இருந்தது. வாயைத் திறக்காத எம்.எல்.ஏ. என்று. சட்டமன்றத்துக்கு வந்து இது இரண்டாம் வருடம். இதுவரை அவள் எழுந்து கேட்டதெல்லாம் ஊருக்கு ஒரு பஸ், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றுச்சுவர். ஆளுங்கட்சிக்காரி கேட்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கேள்விகள். நாளைக்கு அவள் கேட்கப்போவது அந்த ரகம் இல்லை. ஒரு டெண்டர் நியாயமாக நடந்ததா என்று சொந்தக் கட்சி அமைச்சரிடமே கேட்கப்போகிறாள்.

பெரிய அணைக்கட்டு டெண்டரெல்லாம் இல்லை. மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய மீன் இறங்குதளத்தில் ஒரு கேன்டீன். அதை எடுத்து நடத்த, கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து மனுப் போட்டிருந்தார்கள். பாறையில் கால் கிழிந்து உப்புத் தண்ணீரில் நின்றவர்களுக்கு ஒரு கூரைக்குக் கீழே அடுப்பு மூட்டிப் பிழைக்க ஆசை வந்தால் அதில் என்ன தப்பு? ஆனால் டெண்டரில் ஒரு நிபந்தனை இருந்தது. குறித்த நாளில் நேரில் வந்து இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களின் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

சென்னையில் உட்கார்ந்து யாரோ குறித்த அந்த வெள்ளிக்கிழமை, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் கிளம்பும் நாள். அலுவலகக் காலண்டரில் அது கறுப்பு எழுத்து, வேலை நாள். கடற்கரையிலோ அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்காது. குழுவில் இருந்த எல்லோரும், அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட உலகம்மாள் உட்பட, படகில் ஏறிப் போய்விட்டார்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்று மட்டும் வந்து கையெழுத்துப் போட்டது. கேன்டீனும் அவர்களுக்கே போனது.

கேள்வி கேட்க இது போதும். கேட்க முடியாமல் ஜெபமாலையைத் தடுத்தது வேறொன்று. அந்தக் குழுவின் தலைவி ஷெரின், ஜெபமாலையின் தம்பி கிளாட்சனின் மனைவி.

உறவுக்குச் சலுகை என்று பேச்சு வரக்கூடாதென்று, குழு மனுப் போட்ட நாளிலிருந்து ஷெரினைத் தன் காரில் ஏற்றுவதில்லை என்று ஜெபமாலை வைத்திருந்தாள். ஒருநாள் தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பில், மண்டை பிளக்கும் வெயிலில், ஷெரின் கையில் பையோடு நின்றாள். ஜெபமாலையின் கார் அவளைத் தாண்டிப் போனது. அன்றோடு ஷெரின் பேச்சை நிறுத்திவிட்டாள். இப்போது ஜெபமாலைதான் போன் போட்டாள்.

"ஷெரின், நாளைக்குச் சபையில கேக்கப்போறேன். நம்ம உறவத் தோண்டி எடுத்துருவாக. நீ குழுவ விட்டு விலகிக்கிட்டேன்னா எனக்குப் பேச வாய் இருக்கும்."

"நல்லாருக்கு மதினி. இந்தப் பொம்பளைகள வீடு வீடாப் போயி ஒண்ணு சேத்தது நானு. விலகவும் நானா? அதுக்கு நீங்க எம்.எல்.ஏ. வேலைய விட்டு விலகுங்களேன்."

போன் கட்டாகிவிட்டது. ஜெபமாலைக்குக் கோபம் வரவில்லை. ஷெரின் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

மறுநாள் கேள்வி நேரத்தில் அமைச்சர் சோணைமுத்து பதிலைப் படித்தார். அபிராமம் பக்கத்து விவசாயி. வெளியே பார்த்தால் ஜெபமாலையைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பத்திரிகையில் அறிவிப்பு வந்தது, இணையத்திலும் வந்தது, யாருக்கும் கதவு அடைக்கப்படவில்லை என்று முடித்தார். ஜெபமாலை துணைக் கேள்விக்கு எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு திருவிழா விஷயத்தைச் சொன்னாள்.

"திருவிழாவுக்குப் போக வேண்டியதுதான்," என்றார் அமைச்சர் சிரித்தபடி. "குழுவில் ஒரே ஒருவரையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாமே?"

சபை சிரித்தது. ஜெபமாலை உட்காரவில்லை.

"பேரவைத் தலைவர் அவர்களே, மாசிக் களரித் திருவிழா அன்று அவசரக் கூட்டம் என்று அழைத்தால், குலசாமியை விட்டுவிட்டு மாண்புமிகு அமைச்சர் வருவாரா?"

இந்த முறை முதலில் சிரித்தவர் அமைச்சரே. களரிக்கு அவர் போனை அணைத்துவிட்டுக் கோயிலில் கிடப்பது மாவட்டத்துக்கே தெரியும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அதிகாரிகள் பக்கத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அமைச்சர் படித்தார். முகம் மாறியது. நிமிர்ந்து ஜெபமாலையை ஒருமுறை பார்த்தார். பிறகு சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதில் என்ன எழுதியிருக்கும் என்று ஜெபமாலைக்குத் தெரியும். அமைச்சர் நல்ல மனிதர், காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. இப்படியே உட்கார்ந்துவிட்டால் கேள்வியும் கேட்டதாகிவிடும், மானமும் மிஞ்சும். அவள் பாதி உட்கார்ந்தும்விட்டாள். வெயிலில் நின்ற ஷெரினின் முகம்தான் அவளை மறுபடி எழுப்பியது. அன்று பார்க்காததுபோல் தாண்டிப் போனவள் இன்றும் அப்படியே போவதா?

"அமைச்சர் பையில் வைத்ததை நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவின் தலைவி ஷெரின் என் தம்பி மனைவி. கேன்டீனை அவளுக்குக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை, கேட்கவும் மாட்டேன். எனக்கு உறவு என்பதற்காக அவளுக்கு எதுவும் கூடக் கிடைக்க வேண்டாம். அதற்காகக் குறையவும் வேண்டாம். வரிசையில் நின்று தோற்கட்டும். நிற்கவே விடாமல் தோற்கடிக்காதீர்கள்."

அமைச்சர் சோணைமுத்து பதில் தாளைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் எழுதித் தந்திருக்கவில்லை. கடைசியில் தாளை மூடிவைத்துவிட்டுப் பேசினார்.

"நாள் குறித்தது தவறுதான். டெண்டரை ரத்து செய்து, உள்ளூரில் கேட்டு வேறு நாள் வைக்கச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம்."

அன்று மாலை கட்சிப் பெரியவர் ஒருவர் ஜெபமாலையின் வணக்கத்தைக் கண்டும் காணாமல் போனார். அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்குமோ என்னவோ. அவளுக்கு அது வலித்தது, ஆனால் பசித்தது. போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

புதிய நாளில் இறங்குதளத்தில் கூட்டம். கம்பெனி ஆளும் வந்திருந்தார், பெண்களோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜெபமாலை காரை விட்டு இறங்கவில்லை. சாலையோரம் நிறுத்தி, பெண்கள் சுவரையும் குழாயையும் தட்டிப் பார்ப்பதைப் பார்த்தாள். பொறியாளர் பேனாவை நீட்டினார். ஷெரின் அதை வாங்கி, ஏதோ சொல்லி, உலகம்மாள் கையில் கொடுத்தாள். உலகம்மாள் தலையைத் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

ஷெரின் நேராகக் காரை நோக்கி வந்தாள்.

"நீ போடலயா?" என்றாள் ஜெபமாலை.

"உலகம்மாக்கா போட்டுட்டாக. இனி அவுகதான் தலைவி. நான் குழுவுலயே இல்ல."

"ஏன் புள்ள? இப்ப நான் கேக்கலயே. போயிப் போடு, ஒனக்கு உரிமை இருக்கு."

"இருக்குல்ல? அதத்தான நீங்க சபையில சொன்னீக. எல்லாரும் போன்ல பாத்தோம். என்னைய மறைக்காம, தம்பி பொண்டாட்டின்னு ஊரறியச் சொன்னீகள்ல, எனக்கு அது போதும். நான் உள்ள இருந்து செயிச்சா, இவுக பொங்குற சோத்துக்கெல்லாம் நாத்தனா குடுத்த சோறுன்னு பேரு வந்துரும். அந்தப் பேச்சு இவுகளுக்கு எதுக்கு?"

ஜெபமாலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நியாயம் கேட்டுப் பேர் வாங்கியவள் அவள். இழந்தவள் இதோ, சேலைத் தலைப்பால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் ஷெரின் கார்க் கதவைத் தட்டினாள்.

"கதவத் திறங்க மதினி. கால் சுடுது. இனிமே ஒங்க கார்ல ஏறலாம்ல?"