மாமனாரின் சுருதி

செய்முறைத் தேர்வு மருமகளுக்கு. ஆனால் முதல் நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்து, விடிந்ததும் காலணியைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றவர் மாமனார்.

"தேர்வு எனக்கா, உங்களுக்கா மாமா?" என்று சிரித்தாள் அவள்.

"நம்ம வீட்டுப் பேரு அங்க போகுது. கூட ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார வேணாமா?"

பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள் இசைக் கல்வியில் முதுகலை படிக்கப்போகிறேன் என்றபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவரும் இவர்தான். "பாட்டு வீட்டு மருமக, பாட்டு சொல்லிக்கொடுக்கிறது எப்படின்னு காலேஜுல போய்க் கத்துக்கிறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று குதித்தார். இடம் கிடைத்த மறுநாளே, முடி வெட்டுகிறவரிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "எங்க மருமக எம்.ஏ. படிக்குது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

பாட்டு வீடு என்று ஊர் சும்மா சொல்லவில்லை. அவருடைய அப்பாவுக்கு வெண்கலக் குரல். தம்பிகள் இருவரும் வாய் திறந்தால் தெருவில் போகிறவர் நின்று கேட்பார்கள். அவர்கள் பாடும்போது மூத்தவர் நடுவில் கையைக் கட்டி உட்கார்ந்து, பாதிக் கண் மூடித் தலையசைப்பார். சின்னவர்களுக்கு வழி விட்டுப் பெரியவர் அடக்கமாக இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிறுவயதில் அப்பா ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, "இதைப் பிடி" என்றதும், பிடிக்க முடியாமல் இவர் குரல் எங்கெங்கோ அலைந்ததும், "நீ தலையாட்டு, போதும்" என்று அப்பா சொன்னதும் இவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் கிரேன்களுக்கு மேற்பார்வையாளர். அங்கே அவர் குரலுக்கு யாரும் சுருதி கேட்டதில்லை.

தேர்வு இதுதான்: பாடவே தெரியாத பெரியவர் ஒருவரை அழைத்து வந்து, இரண்டு தேர்வாளர்கள் பார்க்க, ஒரே வகுப்பில் ஒரு வரியாவது சுருதி சேர்ந்து பாட வைக்க வேண்டும். தெருமுனைத் தையற்காரர் வருவதாக ஏற்பாடு. கல்லூரி வராந்தாவில் காத்திருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. "மகளுக்கு வலி வந்துருச்சு டீச்சர். ஆஸ்பத்திரியில நிக்கிறேன், மன்னிச்சிருங்க."

அவள் முகம் செத்துப்போயிற்று. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா நல்லவர்தான். ஆனால் விதி விதிதான். "ஆள் இல்லன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார். அந்த இடத்தில் யாரைப் பிடிப்பது? இசைக் கல்லூரி. வாயிற்காவலர்கூட விசிலைச் சுருதி பிசகாமல் அடிப்பார்.

மாமனார் எழுந்தார். "நான் உட்கார்றேன்."

"மாமா, பாடத் தெரியாதவங்கதான் வேணும். பாட்டு வீட்டு மூத்தவர் நீங்க போய்த் தெரியாத மாதிரி நடிச்சா, ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க. படிப்பே போயிடும்."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, தரையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நடிக்கவே வேணாம்மா. எனக்குச் சுத்தமா வராது."

அவள் முதலில் சிரித்தாள். அவருடைய சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "அப்ப இத்தனை வருஷமா?"

"தலையாட்டினேன். உங்க அத்தைக்கே தெரியாது. வா வா, கூப்பிடுறாங்க."

வகுப்பறையில் அவள் சுருதிப் பெட்டியை வைத்தாள். பாட்டு வீட்டின் சுருதி. அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் பாடிப் பழகிய சுருதி. "ஸா" என்று பிடித்துக் காட்டினாள். அவர் குரல் கீழே எங்கோ போய் முட்டியது. இன்னொரு தரம் காட்டினாள். இப்போது மேலே தாவியது. மூன்றாம் தரம் அவர் வாயே திறக்கவில்லை. தேர்வாளரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அறுபது வருஷத்துக்கு முந்தைய கட்டை மறுபடி அழுத்தப்பட்டதுபோல அவருக்குக் காது சுட்டது. 'நானே குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டேன்' என்று நினைத்தார்.

மருமகள் சட்டென்று பெட்டியை நிறுத்தினாள்.

"தப்பு என்னுது மாமா. நான் இருக்கிற இடத்துக்கு உங்களை இழுக்கிறேன். வர முடியாதவங்களை இழுக்கக் கூடாதுன்னு ஆய்வேட்டுல பக்கம் பக்கமா எழுதினவளே நான்தான்." நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கிரேன்காரருக்கு எப்படிக் குரல் கொடுப்பீங்க?"

"இங்கயா?"

"இங்கதான்."

அவர் தேர்வாளர்களை ஒருமுறை பார்த்தார். முதுகை நிமிர்த்தினார். "இறக்கூ...!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தேர்வாளர் அம்மாவின் பேனா கீழே உருண்டது.

"அந்தக் கடைசி 'ஊ'வை விடாதீங்க மாமா. மெதுவா, அப்படியே."

அவர் நீட்டினார். அவர் குரல் நின்ற இடத்துக்கு அவள் வந்து சேர்ந்தாள். இரண்டு குரலும் ஒன்றாயின. கிரேன் இறக்கும் பெரிய சரக்குப் பெட்டி ஒன்று அசையாமல், சத்தமில்லாமல் தளத்தில் உட்காரும்போது உள்ளங்காலில் ஒரு நிம்மதி தெரியுமே, அது இப்போது அவர் நெஞ்சில் தெரிந்தது. அங்கிருந்து ஒரு படி மேலே கூட்டிப்போனாள், திரும்ப இறக்கினாள். பிறகு இரண்டு படி. வகுப்பு முடிவதற்குள், மழையைப் பற்றி அவளே எழுதிய சின்ன வரியை அவர் தனியாகப் பாடிவிட்டார். குரல் கரகரத்தது. ஆனால் சேர்ந்திருந்தது.

"பாட்டு வீடுன்னு கேள்விப்பட்டேனே சார்," என்றார் தேர்வாளர் அம்மா சந்தேகத்தோடு. "நிஜமாவே நீங்க பாடினதில்லையா?"

"இல்லம்மா. எங்க வீட்ல பாடத் தெரியாத ஒரே ஆள் நான். சொல்லிக்கொடுக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் இவ. அதை அப்படியே எழுதிக்குங்க."

தேர்ச்சி என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

மாலையில் தம்பிகள் வாழ்த்த வந்தார்கள். நடந்ததை இவரே சொன்னார், ஒளிக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவியின் தலை எட்டிப் பார்த்தது: "குளிக்கும்போது சுருதியில்லாம முணுமுணுக்கிறது அடுப்படி வரைக்கும் கேக்குது. எனக்குத் தெரியாதாம்!"

சிரிப்பு அடங்கியதும் சின்னத் தம்பி வழக்கம்போல ஆர்மோனியத்தை இழுத்து, வழக்கமான கட்டையில் விரலை வைத்தான். மூத்தவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இம்முறை கையைக் கட்டவில்லை.

"அது வேணாம்டா," என்றார். "இறக்கு."

தம்பி அண்ணியைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான், பிறகு விரலை ஒவ்வொரு கட்டையாகக் கீழே நகர்த்தினான். "இதுவாண்ணே?"

"இன்னும் கொஞ்சம்."