குழாயில் காட்டாதே

வியாழக்கிழமை காலை நெவிலின் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் அங்கே யாருக்கோ பிரசவம் நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படி ஒரு டெட்டால் வாடை. சமையலறையில், பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில், டெரிக்கின் குதிரைப்படை முழுவதும் தண்ணீர் கலக்காத டெட்டாலில் மூழ்கிக் கிடந்தது. ஐம்பத்தொரு பிளாஸ்டிக் வீரர்கள், ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம்.

டெரிக்கும் நெவிலும் முப்பது வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் நாட்டிங்ஹாமின் ஒரு சர்ச் கூடத்தில் எதிரெதிரே நின்று, பொம்மை வீரர்களை வைத்து மேஜைப் போர் நடத்துபவர்கள். டெரிக் படை நடத்துவதில் சூரன், பெயின்ட் அடிப்பதில் பாவி. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவன்கூட அவ்வளவு கெட்டியாக அடிக்கமாட்டான். மூக்கு எது, முழங்கால் எது என்று தெரியாது. நெவில் நேர் எதிர். மிளகளவு முகத்தில் கண்ணும், கண்ணுக்குள் பாப்பாவும் வைப்பவன். அதோடு விட்டானா? ஊருக்கெல்லாம் உபதேசம் வேறு. பொம்மைமேல் இருக்கும் பெயின்டை டெட்டால் இளக்கிவிடும். அதில் ஊறியதை அதிலேயே தேய்த்துப் பழைய பெயின்டை முழுக்க எடுத்த பிறகுதான் தண்ணீர் பக்கம் போக வேண்டும். அவசரப்பட்டால் பெயின்ட் கோந்தாகிவிடும். இதை இரண்டே வார்த்தையில், ‘குழாயில் காட்டாதே’ என்று அட்டையில் எழுதி, கூடத்தின் கைகழுவும் தொட்டிக்கு மேலே அந்தக் காலத்திலேயே அவனே மாட்டியிருந்தான்.

செவ்வாயன்று டெரிக் படையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவன் முகமே சரியில்லை.

“சனிக்கிழமை பிரையோனி வர்றாடா. அவளும் நானும் உக்காந்து இதுக்கெல்லாம் புதுசா பெயின்ட் அடிக்கலாம்னு லெட்டர் போட்டிருந்தேன். எல்லாத்தையும் உரிச்சுக் குடுத்துடு.”

பிரையோனி அவன் மகள். நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் கல்யாணத்துக்கு டெரிக் வீம்புக்குப் போகவில்லை. அதற்கப்புறம் வெட்கத்தில் போன் பண்ணவில்லை. வீம்பைவிட வெட்கம் நீண்ட நாள் உழைத்தது.

சட்டைப்பையிலிருந்து இன்னொரு வீரனை எடுத்து வைத்தான். பச்சைக் குதிரை, நீல முகம், ஆரஞ்சு மீசை. பிரையோனி ஏழு வயதில், அப்பாவோடு கூடத்துக்கு வந்துகொண்டிருந்த நாட்களில் அடித்தது.

“இவனை மட்டும் உரிச்சுடாத. குதிரைக்கு ஒரு கால் ஆடுது, ஒட்டி வை போதும். கூடத்து வாசல்லயே இதை அவ கையில குடுக்கப்போறேன். எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியுமே. நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதுதான் சொல்லணும்.”

நெவில் காலை ஒட்டி, காயட்டும் என்று ஜன்னல் கட்டையில் வைத்தான். வியாழன் காலை தபாலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் கட்டை காலியாக இருந்தது.

“மாக்சின், இங்க ஒருத்தன் இருந்தானே?”

“ஆமா கண்ணு, ஒருத்தன் தப்பிச்சு வந்து நின்னான். புடிச்சு உள்ள போட்டுட்டேன்,” என்றாள் மனைவி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே. “இப்பதான், ஒரு கால்மணி நேரம் இருக்கும்.”

கால்மணி நேரம் ஒன்றுமே இல்லை. வெளியே எடுத்து, கை படாமல் அப்படியே காயவைத்திருந்தால் அங்கங்கே சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். இது நெவிலுக்குத் தெரியும். நாட்டிங்ஹாமிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் மனிதன் பதறிவிட்டான். டெட்டாலில் கையைவிட்டுத் துழாவி, பச்சைக் குதிரையைப் பிடித்து, ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரில் காட்டினான்.

பச்சை, நீலம், ஆரஞ்சு மூன்றும் ஒரு நொடியில் பிசுபிசுவென்று ஒன்றாகக் குழைந்து விரல்களில் ஒட்டிக்கொண்டன. துடைத்தான், இழுபட்டது. மீசை கட்டைவிரலோடு வந்துவிட்டது. இனி இருப்பது ஒரே வழி: திரும்ப டெட்டாலில் போட்டு முழுக்க உரிப்பது.

“ஐயய்யோ, நான் போட்டதாலயா?” என்றாள் மாக்சின்.

நெவில் பதில் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அன்று முழுக்க அவனை நெருஞ்சிமுள்ளாகக் குத்தியது. தோட்டத்துக்குப் போனான், உள்ளே வந்தான், டீ போட்டான், குடிக்காமல் ஊற்றினான். பழைய பல்துலக்கியால் அந்த வீரனைத் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக ஆக்கி நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முடிவு செய்தான்: அதே மாதிரி அடித்துவிடுவது. மோசமாக அடிப்பது என்ன பெரிய வித்தையா?

பெரிய வித்தைதான் என்று அரைமணி நேரத்தில் தெரிந்தது. பச்சையை அப்பியவன், தன்னையறியாமல் குதிரையின் வயிற்றடியில் நிழல் வைத்திருந்தான். பிடரியில் வெளிச்சம் வேறு. உரித்தான். மறுபடி இடது கையால் அடித்தான். கோடுகள் கோணின, ஆனால் வேண்டுமென்றே கோணின, குடிகாரனாக நடிக்கும் பாதிரியார் மாதிரி. திரும்ப உரித்தான். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். மீசை மட்டும் அழகாக வந்து தொலைத்தது.

மத்தியானம் மாக்சின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். “டெரிக் வீட்டுக்குப் போறேன். நான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டு வந்துடறேன். நீ இப்படி வீட்டை அளக்கறதை என்னால பாக்க முடியல.”

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மனுஷனே இல்லை. “நீ கெடுக்கல மாக்ஸ். நான்தான். குழாய்ல காட்டிட்டேன்.”

மாக்சின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா? கல்யாண வீட்டுலகூட அதைப் பத்தி லெக்சர் அடிச்சியே, அந்த நீயா?”

“நானேதான்.”

“நேத்துலேருந்து என்னை வேக வெச்சியே, பாவி! தள்ளு அந்தப் பக்கம்.” கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பெரிய பிரஷ்ஷாக ஒன்றை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அவன் சொன்ன நிறங்களை அடிக்க ஆரம்பித்தாள். வாழ்க்கையில் அவள் பெயின்ட் அடித்ததே இல்லை. பத்தே நிமிடம். பச்சைக் குதிரை, நீல முகம், காதுவரை போன ஆரஞ்சு மீசை. நெவிலுக்கு மூச்சே நின்றது. அதேதான்.

பிரச்சினை தீர்ந்தது என்றால் நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. டெரிக் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதுதான் சொல்லணும். இது என்ன சொல்லும்? மாக்சின் பத்து நிமிடத்தில் அடித்ததைச் சொல்லும்.

சனிக்கிழமை காலை கூடத்தில் டெரிக் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். வீரனை வாங்கிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்த டெரிக்கின் கண் கலங்கியது.

“காலை நல்லா ஒட்டிட்டடா. எடுத்துக்கிட்டுப் போறேன், அவ வர்ற நேரமாச்சு.”

“டெரிக், நில்லு. அது அவ அடிச்சது இல்ல. தவறி டெட்டால்ல விழுந்துடுச்சு. நான் குழாய்ல காட்டிட்டேன். இது மாக்சின் அடிச்சது.”

டெரிக்கின் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் வெளுத்தது. “உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானடா சொன்னேன்.”

“ஆமா.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன்டா சொன்ன?”

“அவகிட்ட நீ பொய்யை நீட்டறதை என்னால பாக்க முடியாதுடா.”

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டெரிக் கையிலிருந்ததைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். குதிரை வீரனை மேஜைமேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போனான்.

நெவில் ஜன்னலோரம் நின்றான். பிரையோனி காரைவிட்டு இறங்கிக் கதவைப் பிடித்தபடியே நின்றாள். டெரிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையில் விட்டான், எடுத்தான், பின்னால் கட்டினான். காட்ட எதுவும் இல்லாதவன் வேறென்ன செய்வான்? வாயைத் திறந்தான். என்ன சொன்னான் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஆனால் நிறுத்தாமல் சொன்னான். முப்பது வருடத்தில் டெரிக் அவ்வளவு நேரம் பேசி நெவில் பார்த்ததில்லை. அவள் காரின் கதவை விட்டுவிட்டு அவன் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

கால்மணி நேரம் கழித்து இருவரும் உள்ளே வந்தார்கள். இருவர் மூக்கும் சிவந்திருந்தன. பிரையோனி நேராக மேஜைக்கு வந்து பச்சைக் குதிரையைக் கையில் எடுத்தாள்.

“மாக்சின் அத்தை என்னைவிட மோசமா அடிச்சிருக்காங்க,” என்றாள். பிறகு கைகழுவும் தொட்டிக்கு மேலே தொங்கிய அட்டையையும் நெவிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நெவில் மாமா, எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே அந்த அட்டையிலதான். நீங்க எப்பதான் படிக்கப்போறீங்க?”