அடியில் கிடந்த பில்

1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பினாங்கின் சூலியா தெருவில் முத்துவீரப்பனின் மளிகை மண்டியில், பில் குத்திவைக்கும் கம்பி மச்சுப் பலகையைத் துளைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனது. அந்த வாரம் அரிசி விலை மூட்டைக்கு இருபது காசு இறங்கியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. முதலாளி முத்துவீரப்பன் தச்சர் சுப்பையாவைக் கூப்பிட்டுத் துளையை வட்டமாக வெட்டிச் சீராக்கச் சொன்னார். சுப்பையா வெட்டிக் கொடுத்தார், ஒரு வெள்ளிக்கு, அதாவது நூறு காசுக்கு, பில் கொடுத்தார், அந்தப் பில்லும் அதே கம்பியில் குத்தப்பட்டது.

முன்பு அது மேசைமேல் ஒரு மரக்கட்டையில் ஒரு சாண் உயரத்துக்கு நின்ற கம்பிதான். அதன் ஆக அடியில், கட்டையோடு ஒட்டி, அய்யாக்கண்ணுவின் பில் கிடந்தது: பதினெட்டு வெள்ளி நாற்பது காசு. அய்யாக்கண்ணு யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. சுங்கை பினாங்கில் ஓர் அறை, தவணைக்கு எடுத்த ஒரு டைப்ரைட்டர், அதைத் தோளில் சுமந்து கடை கடையாகப் போய் இங்கிலீஷ் கடிதம் அடித்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. 1928-இல் முத்துவீரப்பனுக்கு நாற்பத்தாறு கடிதங்கள் அடித்தான், கடிதத்துக்கு நாற்பது காசு. அத்தனையும் வசூல் கடிதங்கள். ரங்கூனிலும் மேடானிலும் வருஷக்கணக்காக இழுத்தடித்தவர்கள் அவற்றைப் படித்துவிட்டு மறு தபாலிலேயே பணம் அனுப்பினார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டு ஒரு டின் நெய்யும் சேர்த்து அனுப்பினார். நெய்யை முத்துவீரப்பன் சாப்பிட்டார். எழுதியவனின் பில்லை மறந்துவிட்டார்.

மறக்க வசதியாக அந்தக் கடையில் ஒரு முறை இருந்தது. கணக்குப்பிள்ளை மெய்யநாதன் பில்லை எப்போதும் கம்பியின் மேலிருந்துதான் எடுப்பார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் பில் காலையில் ஏறினால் மாலையில் இறங்கிவிடும். அடியில் போனது அடியிலேயே கிடக்கும். அய்யாக்கண்ணு புது நகல் கொடுத்துப் பார்த்தான். நகலுக்குப் பணம் கிடையாது என்றார் மெய்யநாதன். ஆகவே மாதம் ஒரு நினைவூட்டல் கடிதம் அடித்தான். முதல் கடிதம் பணிவாக இருந்தது. பத்தாவதில் பணிவு இல்லை. இருபதாவதை அடித்தபோது காகிதத்தில் எழுத்து ஓட்டையாக விழுந்தது. ஒவ்வொரு கடிதமும் கம்பியில் குத்தப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் கம்பி ஒரு சாண் வளர்ந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இடம் போதவில்லை, வளர்ந்தது.

1931 கடைசியில் அது கூரை ஓடுகளையும் துளைத்து வெளியே வந்தது. மழைநீர் கம்பி வழியே இறங்கி அடிப் பில்கள் எல்லாம் துருவில் ஒட்டிக்கொண்டன. மெய்யநாதன் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிப் பில் குத்தப் பழகிக்கொண்டார். கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெர்ரியில் நின்றால் கம்பி நன்றாகத் தெரியும். அக்கரையில் வேலை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் அதைப் பார்த்து அய்யாக்கண்ணு பல்லைக் கடிப்பான்.

வியாபாரம் படுத்த காலம் அது. மூன்று தவணை நின்றுபோயிற்று. 1932 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மெஷின் விற்ற கடைக்காரர்கள் வந்து டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினெட்டு வெள்ளி கட்டாவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அய்யாக்கண்ணு மண்டிக்குள் நுழைந்தான்.

"மெஷினத் தூக்கிட்டாங்க முதலாளி. என் காசக் குடுங்க."

முத்துவீரப்பன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "நான் இல்லன்னா சொன்னேன்? பில்லு கைக்கு வரட்டும், வாங்கிக்க."

"மேல ஆயிரத்துச் சொச்சம் இருக்கு தம்பி," என்றார் மெய்யநாதன். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அய்யாக்கண்ணு கம்பியை அண்ணாந்து பார்த்தான். பிறகு குனிந்து கட்டையைப் பார்த்தான். நாலு வருஷம் மேலேயே பார்த்துப் பழகியதில் இது தோன்றாமல் போயிற்றே என்று அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நேரே சுப்பையாவிடம் போய் இரும்பு அறுக்கும் ரம்பம் கேட்டான்.

"ரம்பத்துப் பல்லு போனாலும் பரவால்ல தம்பி," என்றார் சுப்பையா. "நில்லு, நானும் வர்றேன்."

அய்யாக்கண்ணு மண்டிக்குத் திரும்பி, கட்டைக்கும் பில்லுக்கும் இடையில் ரம்பத்தை வைத்தான். நாற்பத்தாறாவது இழுப்பில் கம்பி துண்டானது. கட்டை உருண்டது. கம்பி விழவில்லை. கூரையிலிருந்து தொங்குவதுபோல் மேசைக்கு நாலு விரல் மேலே அப்படியே நின்றது. பழுத்துப்போன பில்லை உருவி முதலாளிமுன் வைத்தான்.

"சரி, நாளைக்கு வா," என்றார் முத்துவீரப்பன்.

அய்யாக்கண்ணு அடுத்த பில்லை உருவினான். வாசலைப் பார்த்து, கடிதம் படிக்கும் குரலில் உரக்கப் படித்தான்: "ஆசியா பீவி. கடை ஆளுங்களுக்குச் சோறு. ஒம்பது வெள்ளி." எதிரே சோறு விற்றுக்கொண்டிருந்த ஆசியா பீவி கையில் அகப்பையோடு வந்து நின்றாள்.

"ஏன் முதலாளி, நாலு வருசமா என் சோறு இன்னும் செரிக்கலயா?"

சாக்குக்காரர் பெயரைப் படித்தான், பால்காரர் பெயரைப் படித்தான். வாசலில் வெளிச்சம் நுழைய இடமில்லாதபடி ஆள் சேர்ந்தது. முத்துவீரப்பன் வெற்றிலையை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். பதினெட்டு வெள்ளி நாற்பது காசு.

அய்யாக்கண்ணு போகவில்லை. ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினான்: கம்பி அறுத்த கூலி, ஐம்பது காசு. மெய்யநாதன் வழக்கப்படி அதைக் கம்பியில் குத்தினார், கைக்கு எட்டிய அடிமுனையில். அது நழுவி முதலாளியின் மடியில் விழுந்தது. மறுபடி குத்தினார், மறுபடி மடியில் விழுந்தது. மூன்றாம் தடவை முத்துவீரப்பன் காசை விட்டெறிந்தார். அய்யாக்கண்ணு அதைப் பொறுக்கிச் சுப்பையாவிடம் கொடுத்தான், ரம்பத்துக்கு.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டைப்ரைட்டர் வீடு வந்தது. கம்பி அதன்பின் வளரவில்லை, இறங்கவும் இல்லை. பழைய பில்கள் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. புதுப் பில் எதைக் குத்தினாலும் காசு கொடுக்கும்வரை முதலாளி மடியில்தான் விழுந்தது. முத்துவீரப்பன் வேறு கம்பி ஒன்று வாங்கி வைத்தார். அந்தக் கம்பிக்கான பில்லும் மடியில் விழுந்தது.