வேங்கைக் கட்டையில் பித்தளை

உலகத்தில் உலோகம் என்று தனியாக எதுவும் கிடையாது, அவசரக்காரனுக்குத்தான் அது உலோகம், பொறுமைசாலிக்குப் பித்தளையும் கொஞ்சம் முரட்டு மரம்தான்... இதைச் சென்னகேசவன் விளையாட்டாகச் சொல்லவில்லை, மச்சினி கல்யாணப் பந்தியில், சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, மனைவி கனகத்தின் அண்ணன் வெங்கடபதியின் முகத்துக்கு நேராகச் சொன்னான். கட்டில் கால் கடையற லேத்துல பம்புசெட்டுத் தண்டுல மாட்டற பித்தளை புஷ் கடைஞ்சு காட்டறனுங்க மச்சான், நீங்க டவுன்ல வாங்கி உங்க பேரு போட்ட பெட்டில அடைச்சு விக்கறீங்களே, அதுக்குப் பேரு தொழிலுங்களா, பொட்டி கட்டற வேலைங்க... பந்தியே சிரித்தது. வெங்கடபதி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, செய்யுங்க மாப்ள, செஞ்சுபோட்டுச் சொல்லியுடுங்க, மாலையோட வாரேன் என்றார்.

அந்த மாலை வரவே இல்லை. சித்திரை வெயிலில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது, பெரிய புல்லி மாட்டி வேகத்தைக் குறைத்தான், பழைய இரும்புக் கடையில் தேடிப்பிடித்த, டூலைத் தாங்கும் ஸ்லைடை லேத்தின் வேங்கைக் கட்டைமேல் இறுக்கினான், முதல் புஷ் மோதிரம் மாதிரி வந்தது, அந்த ஒன்றை நம்பித்தானே பட்டறை வேலையை விட்டான், முதலாளியிடம் கையைக்கூடக் கட்டாமல் பேசினான்... இப்போது ஆடி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவந்து கூரைக்குள் தூவுகிறது, கட்டை ஊதிவிட்டது, டூல் ஒரு பக்கம் போகிறது, பித்தளை ஒரு பக்கம் சுற்றுகிறது, வருகிற புஷ் எல்லாம் ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து, குழந்தைக்கு ஊதல் செய்யலாம். சாயங்காலம் பம்பு கம்பெனிக்குச் சரக்கெடுக்கும் கரீம் பாய் வருவார், சாம்பிள் இருந்தால் ஆர்டர், இல்லாவிட்டால் நாளைக்குப் பட்டறை வாசலில் அதே முதலாளி, இந்தமுறை கையைக் கட்டிக்கொண்டு...

“ஏனுங்க, மழைக்கு நம்மூட்டுக் கதவே சாத்த மாட்டீங்குது, இந்தக் கட்டை மட்டும் அப்படியே இருக்குமாக்கும்?” கனகம்தான், உள்ளேயிருந்து. “எங்கண்ணனக் கேட்டுப் பாக்கறதுங்க.”

“அவருகிட்டக் கேக்கறதுக்கு இந்தப் பித்தளையத் தின்னுபோடுவேன்.”

டீ குடிச்சுபோட்டு வாரேன் என்று கிளம்பினான், பெரியநாயக்கன்பாளையம் ஸ்டாப்பில் டீக்கடை இருந்தது, டவுன் பஸ்ஸும் வந்தது, எதில் கால் வைத்தோம் என்று பஸ் நகர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்... டவுனில் பம்பு சாமான் கடைக்காரன் கேட்டான், பில்லு என்ன பேருக்குங்க. பேரெல்லாம் வேண்டாமுங்க.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் பொட்டலம், சட்டைப் பையில் உப்புத்தாள். புஷ்ஷில் குத்தியிருந்த கம்பெனிப் பெயரை முதலில் தேய்த்தான், போய்விட்டது, ஆனால் புஷ் இன்னும் அழகாகவே இருந்தது, இவ்வளவு அழகாக இருந்தால் கரீம் பாய் நம்புவாரா, கொஞ்சம் கெடுக்கத்தான் வேண்டும், எவ்வளவு கெடுத்தால் தன் கை வேலை மாதிரி இருக்கும்... மச்சானுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அவர் விற்கிற சரக்கு கண்ணியமாகப் பளபளக்கலாம். ஆர்டர் கிடைத்துவிட்டால்? கட்டை காயத் தை பிறக்க வேண்டும், அதுவரை வாரா வாரம் இதே பஸ்ஸா, இதே உப்புத்தாளா... துடியலூர் தாண்டிவிட்டது, பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், சென்னகேசவன் துண்டால் மூடிக்கொண்டான், உள்ளே கையை மட்டும் நிறுத்தவில்லை.