ஹரிக்லியாவின் பக்கம் விழுந்த நிழல்

மவ்ரோலிதி மலையில் இடிந்து நிற்கும், தெமேத்தர் என்ற விளைச்சல் தெய்வத்தின் கோயில் தூண்களுக்கு நிழல் உண்டு. ஆனால் சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள் மேல் அது விழுவதில்லை. சூரியன் எந்தப் பக்கம் நின்றாலும் எல்லாத் தூண்களின் நிழலும் தரையோடு வளைந்து, கம்பிவேலிக்கு அடியில் நுழைந்து, வெளியே இருக்கும் ஹரிக்லியாவின் தகரக் கொட்டகைமேலும் அவளுடைய ஆடுகள்மேலும் போய்ப் படுத்துக்கொள்ளும். யாராவது குடை விரித்தால் குடையின் நிழலும் அதோடு சேர்ந்து போய்விடும். ஏதென்ஸிலிருந்து வந்த பேராசிரியர்கள் ஒரு கோடை முழுக்க அளந்துவிட்டு, தரை சரிவாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். ஊர்க்காரர்களான எங்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. அந்த இடத்தின் வீட்டுக்காரி அவள்தானே.

ஏனென்றால் அவர்களுடைய வீடு கோயிலுக்குள்ளேதான் இருந்தது. அந்தக் குடும்பத்தின் முன்னோர் யாரோ தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிக் கூரை போட்டுவிட்டார்கள். ஹரிக்லியா சமைத்ததும் படுத்ததும் அங்கேதான். தூணில் அடித்த ஆணியில் அவளுடைய வெங்காயச் சரம் தொங்கும். பழங்காலச் சின்னங்களைத் தோண்டுகிறவர்கள் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது வாசலில் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றாள். பிறகு அவள் புருஷனுக்கு நுரையீரல் கெட்டு, பாத்ரா நகர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. வீடு அப்பா பெயரிலிருந்து அவளுடைய தம்பி பனாகோஸின் பெயருக்கு வந்திருந்தது. அக்கா ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வீட்டை இடிக்க அவன் கையெழுத்துப் போட்டான். பதிலுக்கு அவனுக்கு வழிகாட்டி வேலையும் ஒரு நீலத் தொப்பியும் கிடைத்தன. புருஷனின் சவப்பெட்டியோடு ஹரிக்லியா திரும்பியபோது, பிணத்தைக் கிடத்தி அழுவதற்கு வீடு இல்லை. சதுக்கத்து மரத்தடியில் கிடத்தி, ஈ விரட்டிக்கொண்டே அழுதாள். அன்று மத்தியானமே நிழல் இடம் மாறியது.

அதன் பிறகு கோடைதோறும் நாஃப்பிலியோவிலிருந்து பேருந்து வந்தது. ஓட்டுநர் ஸ்தாத்திஸ் அதை மலையடிவாரத்தில் நிறுத்துவான்; பனாகோஸ் ஆட்களை ஒற்றையடிப் பாதையில் மேலே ஏற்றி, வெயிலில் நிறுத்தி, மூன்று பாஷைகளில் வரலாறு சொல்வான். அவர்கள் மூக்கு உரிந்து, குமட்டிக்கொண்டு இறங்குவார்கள். வேலிக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி பிழிந்துகொண்டே ஹரிக்லியா குரல் கொடுப்பாள்: "வாங்க, வாங்க! என் அடுப்படியை மிதிக்க இவ்வளவு தூரமா வந்தீங்க? அந்தத் தொப்பிக்காரப் பய நிக்கிறான் பாருங்க, அங்கதான் என் கட்டில் கெடந்துச்சு. நல்லா மிதிங்க!"

என்ன சொல்கிறாள் என்று கேட்டால், பழைய அறுவடைப் பாட்டு என்பான் பனாகோஸ். அவர்கள் கைதட்டிப் படம் பிடிப்பார்கள். அவனும் சும்மா இருக்கவில்லை. வேலியை உயர்த்த வைத்தான். உள்ளே நுழைந்த அவள் கிடாயை இழுத்துப்போய்க் காவல் நிலையத்தில் கட்டினான். அடுத்த நாள் பேருந்தின் இருக்கைகளெல்லாம் ஆட்டுப் புழுக்கையாகக் கிடந்தன. எங்கள் காப்பிக்கடையில் இருவரும் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை.

ஜூலையில் அனல்காற்று அடித்த ஒரு மத்தியானம், டச்சுக்கார மூதாட்டி ஒருத்தி பலிபீடத்தின் அருகில் சுருண்டு விழுந்தாள். தோல் காய்ந்து கொதித்தது, உதடு நீலம் பாரித்தது. தண்ணீர் தெளித்தார்கள், விழுந்த வேகத்திலேயே காய்ந்தது. இந்த வெயிலில் பாதை இறங்கினால் பாதி வழியில் போய்விடுவாள் என்று, தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். அவர்கள் நெருங்க நெருங்க நிழல் பின்வாங்கியது. ஹரிக்லியாவின் காலடியில் சுருண்டு நின்றுகொண்டது.

"அக்கா," என்றான் பனாகோஸ். அந்த வார்த்தையை அவன் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"யாருக்குடா அக்கா?"

"அந்தம்மா செத்துப்போயிடும். நிழலை இந்தப் பக்கம் விடு."

"நான் என்ன கயித்துல கட்டியா வச்சிருக்கேன்? உன் தூணுங்ககிட்டப் போய்க் கேளு. மூணு பாஷையிலயும் கேளு."

"அந்தக் கிழவி உனக்கு என்ன பண்ணினா?"

"என் புருஷன் உனக்கு என்னடா பண்ணினான்? மரத்தடியில கெடத்தினேனே அவனை. நீ தூர நின்னு தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு இருந்த. பாத்தேன்டா நான்."

மூதாட்டியின் கணவருக்கு இவர்கள் பேசியது எதுவும் புரியவில்லை. அவர் மண்டியிட்டு, தன் வைக்கோல் தொப்பியை மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். தொப்பியின் நிழல் நழுவி ஓடியது. இடப்பக்கம் பிடித்தார், வலப்பக்கம் பிடித்தார், நிற்கவில்லை. அவர் விடவும் இல்லை. கையை இறக்காமல், அழுதுகொண்டே மாற்றி மாற்றிப் பிடித்தார்.

ஹரிக்லியா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பனாகோஸின் ஏழு தலைமுறையையும், அதாவது தன் தலைமுறையையும் சேர்த்துத் திட்டியபடி எழுந்து வந்தாள். சுடுமண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூதாட்டியின் தலையை மடியில் தூக்கி வைத்தாள். எல்லாத் தூண்களின் நிழலும் அவளைப் பின்தொடர்ந்து வந்து, கூட்டம் முழுவதையும் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மூதாட்டி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். பனாகோஸ் மட்டும் வெயிலில் நின்றான். அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். நிழல் ஓர் அடி விலகியது.

"நீ அங்கயே நில்லு," என்றாள் அவள்.

மறுநாள் அவளாகவே வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அடுப்படி இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பேருந்து வரும்போதெல்லாம் உட்கார்கிறாள். தம்பியோடு பேசுவதில்லை, திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் ஸ்தாத்திஸ் வண்டியை நிறுத்தியதுமே ஆட்களிடம் சொல்லிவிடுகிறான்: மேலே போனதும் கிழவியைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளுங்கள், வழிகாட்டியை நிழலுக்குள் கூப்பிடாதீர்கள், அவருக்கு அங்கே இடமில்லை. என்றாலும் இரக்கப்பட்டு யாராவது நகர்ந்து பனாகோஸுக்கு இடம்விடுவதுண்டு. அவன் தலையாட்டி மறுத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூண்களின் உயரத்தைச் சொல்லத் தொடங்குவான்.