கப்பலில் வந்த பூ

கூடையைக் கீழே வை என்றுகூடச் சொல்லவில்லை பஞ்சாட்சரம். கோயில் மதிலோரம் உட்கார்ந்து ஈசனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"துலுக்க சாமந்தி சாமிக்கு ஏறாது சிட்டம்மா. வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்த பூவு. பொய்ச்சாட்சி சொல்லிச்சின்னு சிவனே சபிச்சிட்டாரு. சாவுக்குத்தான் ஆவும். எடுத்துக்கினு போ."

"வேண்டுதல் சாமி," என்றாள் சிட்டம்மாள். அவர் அதற்குள் குனிந்து நாரை முறுக்கத் தொடங்கியிருந்தார்.

ஆடியில் மகள் அம்முலு காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் என் கையால் வளர்த்த பூவை உனக்குச் சாத்துகிறேன் என்று ஈசனிடம் வேண்டிக்கொண்டவள் அவள். பிள்ளை பிழைத்தது. நடவு வேலை முடித்து வந்து குடம் குடமாக ஊற்றி வளர்த்த செடிகள். சொன்ன வாக்கைத் தள்ளிப்போட்டால் சாமி பிள்ளையைத் திருப்பிக் கேட்குமே என்ற பயம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம்.

"கப்பல்ல வந்த பூவ சிவன் எப்ப சபிச்சாரு?" என்று வீட்டில் புருஷனிடம் பொரிந்தாள். "அவரும் அதே கப்பல்லதான் வந்தாரா?"

"அவங்க சொல்றதுதான் புராணம்," என்றான் வேதகிரி. "நாம கேட்டுக்கினு வரணும்."

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை அடைமழையோடு பிறந்தது. செய்யாற்றில் வெள்ளம் புரண்டு காஞ்சிபுரம் பஸ் நின்றது. பூ வரத்தும் நின்றது. தீபத்துக்கு முந்தின நாள் பஞ்சாட்சரமே குடையைப் பிடித்துக்கொண்டு காலனி முனையில் வந்து நின்றார். அதுவரை அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"பழையசீவரத்துல ஒரு பெரிய சாவு. பூவு கெடைக்கல. கீறதெல்லாம் பறிச்சிக் குடு."

சாவுக்குப் பூ கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. சிட்டம்மாள் மொட்டுவரை பறித்தாள். கொடுக்கும்போது சொல்ல வேண்டியதையும் சொன்னாள்: "இந்தப் பூவு செத்தவங்களுக்கு. நல்லபடியா போய்ச் சேரட்டும்." பஞ்சாட்சரம் அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கூடையை வாங்கினார்.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. சாமி காலனிக்குள் வராது. ஏரிக்கரைத் திருப்பத்தில் தூர நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். அம்முலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பல்லக்கு திரும்பியது. ஈசன் கழுத்திலிருந்து பாதம்வரை மஞ்சள் மஞ்சளாக அவள் பூ.

ஒரு கணம் கை தானாகக் கும்பிடப் போனது. அடுத்த கணம் கையை இறக்கிக்கொண்டாள். பிள்ளை உயிருக்காக வளர்த்த பூவைச் சாவுக்கென்று அவள் வாயாலேயே சொல்ல வைத்து, அதைக் கொண்டுபோய்ச் சாமி கழுத்தில் போட்டிருக்கிறான் பாவி. இப்போது அவள் சாமிக்குக் கொடுத்தது எதை? வேண்டுதலையா, சாவையா?

பாதையில் இறங்கிப் பல்லக்குக்கு நேராகப் போய் நின்றாள். மேளம் தடுமாறி நின்றது. யாரோ அதட்டினார்கள். வேதகிரி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான்; உதறினாள்.

"யாரு செத்தது?" என்று பல்லக்கோடு வந்த பஞ்சாட்சரத்தைக் கேட்டாள்.

அவர் தீவட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேரு சொல்லு. எம் பூவு யாரு சாவுக்குப் போச்சின்னு எனக்குத் தெரியணும். சொல்லிட்டு சாமிய தூக்கிக்கினு போ."

சாமியை வழியில் இறக்கி வைக்கக் கூடாது. தூக்கியிருந்தவர்களின் தோள்கள் நடுங்கத் தொடங்கின. அம்முலு இடுப்பிலிருந்து எம்பி, பல்லக்கில் ஆடிக்கொண்டிருந்த மாலையை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள்.