சேர்மன் ரோட்டை வெட்டச் சொன்ன நாள்

வாய்க்கால்பாளையம் நகராட்சிக்குப் பொன்னாத்தாள் தலைவராக வந்தபோது, ஊர்க்காரர்கள் மாலையை அவள் புருஷன் சின்னான் கழுத்தில்தான் போட்டார்கள். தொண்ணூற்றாறாம் வருஷத் தேர்தல் அது. தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்ட இனப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கட்சிக்காரர்கள் சின்னானின் குடியிருப்பான வளவுக்கு வந்து, அவளை விட்டுவிட்டு அவனிடம்தான் பேசினார்கள்.

"அம்மணி பேருல நிப்பாட்டிப்போடலாம் சின்னா. கையெழுத்துப் போட்டாப் போதும். மிச்சத்தை நீ பாத்துக்க, உனக்கு நாங்க இருக்கறோம்."

சின்னானும் அப்படித்தான் நம்பினான். தேங்காய்க் களத்தில் மட்டை உரித்துக்கொண்டிருந்தவன், இரண்டு வெள்ளை வேட்டி எடுத்துச் சலவைக்குப் போட்டு வாங்கினான். முதல் மன்றக் கூட்டத்துக்கு அவளுக்கு முன்னால் நடந்து போனான். தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பொன்னாத்தாள் நின்று பார்த்தாள். சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"ஏனுங்க, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. கூட்டம் முடிஞ்சதும் வாரேன்."

உறுப்பினர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னான் எழுந்து வெளியே போனான். வீட்டுக்கு வந்ததும், "என்னை இப்படிச் சபையில எழுப்பி உட்டுட்டயே" என்று கேட்டான்.

"அந்த வேலைக்கு என்னையத்தானுங்க சனம் அனுப்பிச்சிருக்குது. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

அந்தக் கோபம் ஆற வெகுநாள் ஆயிற்று. ஆனாலும் வீட்டில் உட்கார அவனால் முடியவில்லை. களத்தில் வேலையில்லாத நாளெல்லாம் நகராட்சி ஆபீஸ் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வான். அங்கிருந்து பார்த்தால் அவள் அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் தெரிவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வருவார்கள். தெருக்குழாயில் சண்டை என்று குடத்தோடு வருவார்கள். பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கச் சொல்லி எடுத்து வருவார்கள். மகன் சோறு போடமாட்டேன் என்கிறான் என்று ஒரு கிழவர் வந்தார். இதுக்கும் நகராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று சின்னானுக்குத் தோன்றியது. பொன்னாத்தாள் அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே அந்த மகன் வீட்டுக்குப் போய் வந்தாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. கிழவர் மறுபடி ஆபீஸ் பக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வானம் வெளுக்கவே இல்லை. ஒருநாள் விடிகாலையில் ஊருக்கு மேலே போகிற பெரிய வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் நேராக நெசவாளர் வீதிக்குள் இறங்கியது. ஊரிலேயே பள்ளமான இடம் அது. வீட்டுக்கு வீடு குழித்தறி. தறிக்குழிகள்தான் முதலில் நிறைந்தன.

எப்போதும் அந்தப் பக்கம் வருகிற தண்ணீர் வடிந்து ஆற்றுக்குப் போய்விடும். இந்த முறை போகவில்லை. பழைய மன்றத்தார் போட்ட புதுத் தார் ரோடு, ஆள் உயர மண்கரை மேல், வீதிக்கும் ஆற்றுக்கும் குறுக்கே நின்றது. அடியில் வைத்த குழாய்களை வாழைமரங்களும் சருகும் வந்து அடைத்துவிட்டன. தண்ணீர் போக இடமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது.

பொன்னாத்தாள் விடிந்ததிலிருந்து அந்த ரோட்டின் மேல்தான் நின்றாள். பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி ஆள் விட்டாள். வயசானவர்களைக் கட்டிலோடு தூக்கிப் போகச் சொன்னாள். சின்னானும் நாலைந்து பேரைத் தோளில் சுமந்துகொண்டு போய் விட்டு வந்தான். அதற்குள் வீதியில் இடுப்பளவு தண்ணீர்.

"ரோட்டை வெட்டி உட்டாத்தானுங்க வடியும்" என்றாள் அவள், நகராட்சி ஆணையரிடம்.

ஆணையர் மறுத்தார். "கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும்மா. போன் வேலை செய்யல. பொதுச் சொத்து அது."

"தண்ணிக்குள்ள நிக்கறதும் பொதுசனந்தானுங்க. நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு சொல்லிப்போடுங்க."

வாய்க்கால் வேலைக்கு வந்திருந்த பொக்லைன் ஒன்று ஊரில் நின்றது. அதை ஓட்டுகிறவர் கரீம். அவரை வரச் சொன்னாள். இயந்திரம் குலுங்கிக்கொண்டு வந்து நின்றபோது, ரோட்டின் நடுவில் குடை பிடித்துக்கொண்டு பாலுசாமி நின்றிருந்தார்.

பாலுசாமி நகராட்சியின் துணைத்தலைவர். அதைவிட, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறுவரை கிடக்கிற மஞ்சள் காடு அவருடையது. சின்னானின் அப்பன் அந்தப் பண்ணையத்திலேயே பிறந்து அங்கேயே செத்தவர். சின்னானும் கல்யாணமாகி வெகுகாலம் அங்கேதான் கிடந்தான். இப்போதும் அவரைப் பார்த்ததும் தலைத்துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது.

"ஏம்புள்ள பொன்னா, ரோட்டை வெட்டுனா தண்ணி எங்க போகுமுன்னு தெரியுமா?" என்று கேட்டார் பாலுசாமி.

"உங்க காட்டுக்குத்தானுங்க."

"இன்னம் ரெண்டு மாசத்துல வெட்டற மஞ்சள். ஒரு கிழங்கு மிஞ்சாது."

"மிஞ்சாதுங்க. அந்த மண்ணுல எத்தனையோ வருசம் குனிஞ்சு கிழங்கு நட்டவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சுமா வெட்டச் சொல்ற? நான் இந்த எடத்தை உட்டு நகர மாட்டேன்."

கரீம் இயந்திரத்தை அணைத்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. போலீசைக் கூப்பிடுவாள், அல்லது அழுவாள், இரண்டில் ஒன்று நடக்கும் என்று சின்னான் நினைத்தான். பொன்னாத்தாள் சேலையை வரிந்து சொருகினாள்.

"நகர வேண்டாமுங்க. ஒரு எட்டு எங்கூட வந்து பாத்துப்போட்டு வாங்க. அப்பறமும் வெட்டக் கூடாதுன்னு சொன்னீங்கன்னா, வீதிச் சனத்துக்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்."

சொல்லிவிட்டு ரோட்டுச் சரிவில் இறங்கி, தண்ணீருக்குள் நடக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னான் பார்த்தான். பாலுசாமி குடையோடு அப்படியே நின்றார். பிறகு குடையை மடக்கி ரோட்டில் வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அவள் போன வழியிலேயே இறங்கினார். கூலிக்கு நின்ற பெண்ணின் பின்னால் காட்டுக்குச் சொந்தக்காரரான பண்ணாடி நடந்து போவதைச் சின்னான் வாழ்நாளில் கண்டதில்லை. அவனும் பின்னாலேயே போனான்.

வீதியின் கடைசிக்குப் போகப் போக ஆழம். பாவு நூலும் ஊடை நூலும் அறுந்து தண்ணீரில் மிதந்து காலைச் சுற்றின. ஒரு சுவர் விழுந்து சந்துவழியை அடைத்திருந்தது. அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பாவாத்தாள் வீடு. பாவாத்தாள் நெசவுக்காரி, வயசானவள். தறிக்கட்டை மேல் குந்தியிருந்தாள். மேலே பரண் போன்ற அட்டாலியில் அவள் மகள், ஆபரேசன் செய்து பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நாளைக்கு முன்புதான் வந்தவள், சிசுவை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தூக்கிப் போக வந்தவர்களிடம், தையல் பிரிந்துவிடும் என்று பயந்து வரமாட்டேன் என்றிருக்கிறாள். தண்ணீர் அட்டாலிக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"சேர்மன் வந்திருக்கறேன் கண்ணு" என்றாள் பொன்னாத்தாள். "பயப்படாத. கட்டில்ல படுக்க வச்சே கொண்டு போறோம்."

அந்த வீதியிலிருந்து பாலுசாமியின் வீடு கூப்பிடு தூரம். ஆனாலும் அதுவரை அவர் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை என்பது அவர் சுற்றிலும் பார்த்த பார்வையில் தெரிந்தது. கீழே தறிக்குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலால் துழாவிக்கொண்டு நின்றார். மேலேயிருந்து அந்தப் பெண், பொன்னாத்தாளும் சின்னானும் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்ததால், பிள்ளையை அவரிடம்தான் நீட்டினாள்.

அவர் வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுற்றி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். தாயை இறக்கிப் படுக்க வைத்த கட்டிலின் ஒரு பக்கம் சின்னானும் மறுபக்கம் பொன்னாத்தாளும், கூப்பிட்ட குரலுக்கு வந்த இன்னும் இரண்டு பேரும் பிடித்தார்கள். பாவாத்தாள் கட்டிலைப் பற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். இடிந்த சுவரைத் தாண்டும்போது பாலுசாமி ஒருமுறை தடுமாறினார். கை மட்டும் தாழவில்லை.

ரோட்டுக்கு வந்து பிள்ளையைக் கொடுத்த பிறகு, மூச்சு வாங்க நின்றவர், கரீமைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"வெட்டப்பா."

கரீம் பொன்னாத்தாள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் இயந்திரத்தைக் கிளப்பினார்.

தார் பாளமாகப் பெயர்ந்தது. மண் சரிந்தது. முதலில் கையகலத்துக்கு ஒரு ஓடை ஓடிற்று. அப்புறம் கரை தானாகவே வாய் பிளந்தது. தண்ணீர் எழும்பிப் பாய்ந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. பச்சையாய் நின்ற மஞ்சள் காடு வரிசை வரிசையாகப் படுத்தது. பாத்திகள் கரைந்து, கிழங்குகள் குலை குலையாகப் பெயர்ந்து, செந்தண்ணீருக்குள் மஞ்சள் மஞ்சளாகப் புரண்டு ஆற்றை நோக்கிப் போயின. பச்சை மஞ்சள் வாசம் கிளம்பி ஊர் முழுக்க நிறைந்தது. கோயிலுக்குள் நிற்பதுபோல் இருந்தது சின்னானுக்கு. சனங்கள் கைதட்டவில்லை, கூவவில்லை. ரோட்டின் இரண்டு முனையிலும் அப்படியே நின்று பார்த்தார்கள்.

பாலுசாமியும் பார்த்தார். அவர் பக்கத்தில் பொன்னாத்தாள் நின்றாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. காடு முழுதும் போய்த் தீரும்வரை அவரை விட்டு நகரவும் இல்லை. மழையில் அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. இருபது வருஷமாகக் கூடப் படுத்து எழுந்த பெண் இவள்தானா என்று சின்னானுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் போக நினைத்தான். என்னவோ கூச்சமாக இருந்தது, போகவில்லை.

பொழுது சாய்வதற்குள் நெசவாளர் வீதி வடிந்துவிட்டது. வீடுகள் விழுந்தன, தறிகள் போயின. ஆள் ஒன்றும் போகவில்லை.

மழை விட்ட பிறகு மேலிடத்திலிருந்து விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். உத்தரவில்லாமல் அரசாங்க ரோட்டை வெட்டியது யார் என்பது கேள்வி. மன்றக் கூடத்துக் கதவு திறந்திருந்தது. பெஞ்சில் இருந்த சின்னானுக்கு உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

"நானுங்க" என்றாள் பொன்னாத்தாள். "ஆணையர் வேண்டாமுன்னுதான் சொன்னார். நாந்தான் வெட்டச் சொன்னேன்."

"இதுக்குப் பதவியே போகலாம், தெரியுமில்லையா?"

"தெரியுமுங்க."

நாற்காலி ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது.

"எழுதறதுன்னா ரெண்டு பேரையும் எழுதுங்க" என்றது பாலுசாமியின் குரல். "சேர்மனும் நானும் சேர்ந்துதான் வெட்டச் சொன்னோம்."

அதிகாரிகள் அதற்கு மேல் அதிகம் கேட்கவில்லை; பொன்னாத்தாளின் பதவியும் போகவில்லை. பாலுசாமி அதன் பிறகு பொன்னாத்தாளுக்கு நெருக்கமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. வரி விஷயத்திலும் கடை ஏலத்திலும் மன்றத்தில் எப்போதும்போல எதிர்த்துத்தான் பேசினார். ஆனால் வெட்டிய இடத்தில் குழாய்க்குப் பதிலாக அகலமான பாலம் கட்ட வேண்டும் என்று தீர்மானம் வந்தபோது முதலில் கை தூக்கியது அவர். அந்தச் சிசு பிழைத்துக்கொண்டது. அதன் தாயும் தையல் ஆறி எழுந்து நடமாடினாள்.

விசாரணை முடிந்த அன்று புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே நடந்து வீட்டுக்குப் போனார்கள். கடைவீதியைத் தாண்டவே வெகுநேரம் பிடித்தது. தேங்காய்க் கடைக்காரர் தெருவிளக்கு எரியவில்லை என்றார். ஒரு பெண் ரேஷன் கடையில் வைதார்கள் என்று அழுதாள். பதவி போகுமா இருக்குமா என்று தெரியாமல் காலையிலிருந்து நின்றவள், ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"பசிக்கலயா உனக்கு?" என்றான் சின்னான்.

"பசிக்குதுங்க. இந்தம்மா சொல்லி முடிக்கட்டும்."

அவன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, ஓரமாக நின்றான்.